டேட்டாபேஸ் புரோகிராமர் வேலைக்கு முதல் இன்டர்வியூ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எஸ்க்யூஎல் (டேட்டாபேஸோடு பேசும் மொழி) டெவலப்பர், பிஎல்/எஸ்க்யூஎல் (ஆரக்கிளில் அதை நிரலாக எழுதும் மொழி) டெவலப்பர், டேட்டாபேஸ் புரோகிராமர் என்று விளம்பரத்தில் என்ன பெயர் போட்டிருந்தாலும், அனுபவம் இல்லாமல் முதல் வேலைக்குப் போகிறவரிடம் கேட்கப்படுவது கிட்டத்தட்ட ஒரே சரக்குதான். தயாராகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கு என் பதில்களும் இங்கே.

கேள்வி-பதில் பிடிஎஃப் ஒன்றை மனப்பாடம் செய்தால் போதாதா?

முதல் ஐந்து நிமிடத்துக்குப் போதும். அதற்கப்புறம் எதிரில் இருப்பவர் பேப்பரில் ஒரு சின்ன டேபிள் வரைந்து, கீழே ஒரு க்வெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) எழுதி, "இதை ஓட்டினால் எத்தனை வரி வரும்?" என்று கேட்பார். பிடிஎஃப் அங்கே கைவிட்டுவிடும். லெஃப்ட் ஜாயினுக்கு (இடப்பக்க டேபிளின் எல்லா வரியையும் வைத்துக்கொண்டு இரண்டு டேபிளை இணைப்பது) இலக்கணம் சொல்வது வேறு, ஐந்து வரி டேட்டாவைப் பார்த்து விடை சொல்வது வேறு. இரண்டாவது வந்துவிட்டால் முதலாவது தானாக வரும். மனப்பாடம் செய்தவருக்கு அது திரும்பி நடப்பதில்லை.

அதனால் என் ஆலோசனை ஒன்றுதான்: ஒரு குட்டி டேபிளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு கருத்தையும் அதில் போட்டுப் பாருங்கள், க்வெரியை ஓட்டும் முன் விடையைப் பேப்பரில் எழுதுங்கள். இந்தப் பக்கம் முழுக்க நான் வைத்துக்கொள்ளப்போகும் டேபிள் இது. ஊழியர் டேபிளில் ஐந்து பேர். எண் 1 மாலா, துறை 10, சம்பளம் 90, மேலாளர் இல்லை, அதாவது அந்த இடம் நல் (மதிப்பே இல்லை). எண் 2 ரவி, துறை 10, சம்பளம் 70, மேலாளர் 1. எண் 3 செல்வி, துறை 20, சம்பளம் 70, மேலாளர் 1. எண் 4 கண்ணன், துறை 20, சம்பளம் 50, மேலாளர் 3. எண் 5 பாத்திமா, புதிதாகச் சேர்ந்தவர், துறையும் சம்பளமும் நல், மேலாளர் 1. துறை டேபிளில் மூன்று வரி: 10 கணக்கு, 20 விற்பனை, 30 கிடங்கு. இதை அப்படியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எந்த டேட்டாபேஸில் பழகுவது?

விண்ணப்பிக்கும் வேலையின் விளம்பரத்தில் ஆரக்கிள் என்றோ எஸ்க்யூஎல் சர்வர் என்றோ இருந்தால் அதிலேயே பழகுங்கள். இல்லாவிட்டால் போஸ்ட்கிரெஸ் அல்லது மைஎஸ்க்யூஎல், இரண்டும் இலவசம். எதையும் நிறுவக் கணினியில் இடமோ பொறுமையோ இல்லையென்றால் எஸ்க்யூலைட் போதும், ஒரே ஃபைல்தான். எஸ்க்யூஎல்லுக்கு 1986 முதல் பொதுத் தரம் இருக்கிறது, அடிப்படை எல்லாவற்றிலும் ஒன்றுதான். ஆனால் ஓரங்களில் வித்தியாசம் உண்டு, கேள்விகள் வருவதும் அந்த ஓரங்களிலிருந்துதான். ஆரக்கிள் காலியான ஸ்ட்ரிங்கை (எழுத்துத் தொடரை) நல்லாகவே எடுத்துக்கொள்ளும், மற்றவை அப்படிச் செய்யாது. மைஎஸ்க்யூஎல்லில் ஃபுல் அவுட்டர் ஜாயின் (ஜோடி கிடைக்காத வரிகளை இரண்டு பக்கமும் வைத்துக்கொள்வது) கிடையாது. இப்படி இரண்டு மூன்று வித்தியாசம் தெரிந்திருந்தால், இவர் உண்மையாகவே ஓட்டிப் பார்த்திருக்கிறார் என்று கேட்பவருக்குப் புரிந்துவிடும்.

க்வெரி எந்த வரிசையில் வேலை செய்கிறது என்று கேட்கிறார்களே, அது ஏன் முக்கியம்?

பாதிக் குழப்பத்துக்கு மருந்து அதுதான், அதனால். எழுதும்போது செலக்ட் முதலில் வருகிறது, ஆனால் அர்த்தப்படி அது கிட்டத்தட்ட கடைசி. முதலில் ஃப்ரம்மும் (எந்த டேபிள்) ஜாயினும், அப்புறம் வேர் (WHERE, நிபந்தனை), அப்புறம் குரூப் பை (குழுவாக்குவது), ஹேவிங், அதற்குப் பிறகுதான் செலக்ட், பிறகு ஆர்டர் பை, கடைசியில் லிமிட். உள்ளே ஆப்டிமைசர் (எப்படி ஓட்டினால் மலிவு என்று முடிவு செய்யும் பகுதி) தன் வசதிப்படி மாற்றி ஓட்டலாம், ஆனால் விடை இந்த வரிசைப்படிதான் இருக்க வேண்டும்.

இது புரிந்தால் சில கேள்விகள் தானாக விழும். செலக்டில் வைத்த மாற்றுப்பெயரை வேர் ஏன் ஏற்பதில்லை? வேர் ஓடும்போது அந்தப் பெயர் பிறக்கவே இல்லை. ஆர்டர் பை ஏன் ஏற்கிறது? அது செலக்டுக்குப் பிறகு வருகிறது. வேருக்கும் ஹேவிங்குக்கும் என்ன வித்தியாசம்? வேர் வரிகளை வடிகட்டுகிறது, ஹேவிங் குழுக்களை வடிகட்டுகிறது. சம்பளக் கூட்டுத்தொகை 130க்கு மேல் உள்ள துறை வேண்டும் என்றால் ஹேவிங். நம் டேபிளில் துறை 10 மட்டும் வரும், 90உம் 70உம் சேர்ந்து 160. துறை 20இன் கூட்டு 120 என்பதால் அது நின்றுவிடும்.

ஜாயினில் என்னதான் கேட்பார்கள்?

எத்தனை வரி வரும் என்பதை. வட்டம் வரைந்து காட்டும் படங்களை நான் பெரிதாக நம்புவதில்லை. ஒரு வரிக்கு எதிரே இரண்டு வரி பொருந்தினால் என்ன ஆகும் என்பதை அந்தப் படம் காட்டவே காட்டாது.

நம் டேபிளுக்கு வருவோம். ஊழியரையும் துறையையும் இன்னர் ஜாயின் (பொருந்தும் வரிகள் மட்டும்) செய்தால் 4 வரி, பாத்திமா காணாமல் போவார். ஊழியரை இடப்பக்கம் வைத்து லெஃப்ட் ஜாயின் என்றால் 5 வரி, பாத்திமாவுக்கு எதிரே துறைப்பெயர் நல். துறையை இடப்பக்கம் வைத்தாலும் 5 வரிதான், ஆனால் அவை வேறு ஐந்து: கணக்கு இரண்டு முறை, விற்பனை இரண்டு முறை, ஆளில்லாத கிடங்கு ஒரு முறை. ஃபுல் அவுட்டர் என்றால் 6. கிராஸ் ஜாயின் (ஒவ்வொரு ஊழியரையும் ஒவ்வொரு துறையோடும் சேர்ப்பது) என்றால் 15. இந்த ஐந்து எண்களையும் யோசிக்காமல் சொல்ல வந்துவிட்டால் ஜாயின் உங்களுக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து அவர்கள் வைக்கும் கண்ணி. துறையை இடப்பக்கம் வைத்து ஊழியரோடு லெஃப்ட் ஜாயின் செய்து, வேரில் சம்பளம் 60க்கு மேல் என்று போட்டால்? 3 வரிதான் வரும்: மாலா, ரவி, செல்வி. கிடங்கு போய்விட்டது, ஏனென்றால் அதன் எதிரே சம்பளம் நல், நல் 60ஐவிடப் பெரிதா என்று கேட்டால் ஆம் என்ற பதில் வராது. லெஃப்ட் ஜாயின் எழுதியும் அது இன்னர் ஜாயினாகவே நடந்துகொள்கிறது. அதே நிபந்தனையை ஜாயினின் ஆன் பகுதிக்கு (எதை எதோடு பொருத்துவது என்று சொல்லும் இடம்) நகர்த்துங்கள், 4 வரி வரும், கிடங்கும் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த பிறகும் ரிப்போர்ட்டில் வரி குறைகிறதே என்று யாராவது வந்து நின்றால், முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

செல்ஃப் ஜாயினும் (டேபிளைத் தன்னோடே இணைப்பது) கேட்பார்கள், ஊழியர் பெயரும் மேலாளர் பெயரும் ஒரே வரியில் வேண்டும் என்று. இன்னர் என்றால் 4 வரி, மாலா வரமாட்டார். மேலாளர் இல்லாதவரும் வேண்டுமா என்று நீங்களே திருப்பிக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

நல் பற்றி இவ்வளவு கேள்வி ஏன்?

நல் என்பது பூஜ்யமும் இல்லை, காலியான எழுத்தும் இல்லை, மதிப்பு இல்லை அல்லது தெரியவில்லை என்று பொருள். தெரியாத ஒன்றை எதோடு ஒப்பிட்டாலும் விடை தெரியாது என்பதுதான், நல்லை நல்லோடு ஒப்பிட்டாலும் அப்படியே. அதனால்தான் சமக்குறி போடாமல் ஈஸ் நல் என்று எழுதுகிறோம். இதுவரை எல்லோரும் சொல்வார்கள்.

இதற்கு மேல்தான் விஷயம். நம் டேபிளில் கவுன்ட் ஸ்டார் (மொத்த வரி எண்ணிக்கை) 5, சம்பளத்தின் கவுன்ட் 4, வெவ்வேறு சம்பளங்களின் கவுன்ட் 3. சராசரி 70, ஏனென்றால் 280ஐ 4ஆல்தான் வகுக்கிறது. பாத்திமாவையும் பூஜ்யமாகச் சேர்க்க வேண்டும் என்றால் கோலெஸ் (நல்லுக்குப் பதில் வேறு மதிப்பை வைப்பது) போடுங்கள், அப்போது 56. எது சரி என்பதை டேட்டாபேஸ் சொல்லாது, கேட்டவரிடம்தான் விசாரிக்க வேண்டும். துறைவாரியாக குரூப் பை போட்டால் மூன்று குழு வரும், நல்லுக்கும் ஒரு குழு. ஒப்பிடும்போது சேராத நல்கள் குழுவாக்கும்போது மட்டும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும்.

எனக்குப் பிடித்த கேள்வி இது: எவருக்கும் மேலாளராக இல்லாதவர்கள் யார் என்று கண்டுபிடி. எண் நாட் இன் (பட்டியலில் இல்லை), உள்ளே மேலாளர் எண் நெடுவரிசையை எடுக்கும் ஒரு சப்க்வெரி (க்வெரிக்குள் க்வெரி), அவ்வளவுதானே என்று பலரும் எழுதுவார்கள். ரவி, கண்ணன், பாத்திமா வர வேண்டும். வருவது ஒரு வரிகூட இல்லை. உள்ளே கிடைக்கும் பட்டியலில் மாலாவின் நல் இருக்கிறது. 2 என்பது இந்தப் பட்டியலில் எதற்கும் சமம் இல்லை என்று உறுதியாகச் சொல்ல, அந்த நல்லுக்கும் சமம் இல்லை என்று தெரிய வேண்டும், அது தெரியாது. ஆகவே யாரும் தேறமாட்டார்கள். நாட் எக்ஸிஸ்ட்ஸ் (பொருந்தும் வரி ஒன்றும் இல்லை என்று கேட்பது) எழுதினால் மூன்று பேரும் வந்துவிடுவார்கள். எர்ரர் வராமல் தப்பான விடை வருவதுதான் இதில் ஆபத்து.

இரண்டாவது அதிகச் சம்பளம்: எந்த விடையைச் சொல்வது?

இதைக் கேட்காத இன்டர்வியூ அபூர்வம். மூன்று வழி இருக்கிறது. மேக்ஸை விடக் குறைவானவற்றில் மேக்ஸ் எடுப்பது பழைய வழி, சரியாகவே வேலை செய்யும், விடை 70. ஆனால் ஐந்தாவது வேண்டும் என்றால் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போக வேண்டும்.

இரண்டாவது, சம்பளத்தை இறங்குவரிசையில் அடுக்கி, ஒன்றைத் தாண்டி ஒன்றை எடுப்பது. மைஎஸ்க்யூஎல்லில் 70 வரும், சரி. போஸ்ட்கிரெஸில் அதே க்வெரி 90 கொடுக்கும்! அங்கேயும் ஆரக்கிளிலும் இறங்குவரிசையில் நல் முதலில் வந்து நிற்கும், பாத்திமாதான் முதல் வரி. மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூஎல் சர்வர், எஸ்க்யூலைட் மூன்றும் நல்லைக் கடைசியில் தள்ளும். சரி, நல்லை வேரில் விலக்கிவிட்டோம் என்றே வைப்போம், மூன்றாவது அதிகம் கேட்டால்? 90, 70, 70, 50 என்று இருப்பதால் மறுபடி 70தான் வரும், நமக்கு வேண்டியது 50. டிஸ்டின்க்ட் (இரட்டையை நீக்குவது) போட்டால்தான் தப்பிக்கலாம்.

மூன்றாவது, விண்டோ ஃபங்ஷன், அதாவது வரிகளைக் குழுவாகச் சுருக்காமல் ஒவ்வொரு வரிக்கும் இட எண் போடுவது. நல்லை விலக்கிவிட்டு மூன்றையும் ஓட்டிப் பாருங்கள்: ரோ நம்பர் 1, 2, 3, 4 கொடுக்கும், ரேங்க் 1, 2, 2, 4, டென்ஸ் ரேங்க் 1, 2, 2, 3. நமக்கு வேண்டியது டென்ஸ் ரேங்க். மைஎஸ்க்யூஎல்லில் இது 2018இல் வந்த 8.0 பதிப்பிலிருந்துதான் உண்டு, பழைய பதிப்பு வைத்திருக்கும் இடங்களில் இதைச் சொன்னால் "அது இல்லாமல் எழுதுங்கள்" என்பார்கள், அதற்கும் தயாராக இருங்கள். எழுதும் முன் "ஒரே சம்பளம் இரண்டு பேருக்கு இருந்தால் எப்படி எண்ணுவது?" என்று கேட்டுவிடுங்கள். க்வெரியைவிட அந்தக் கேள்விக்குத்தான் பல இடங்களில் மதிப்பு.

டெலீட், ட்ரன்கேட், ட்ராப். யூனியன், யூனியன் ஆல்?

டெலீட் வேண்டிய வரிகளை அழிக்கும், ட்ரன்கேட் டேபிளை வைத்துக்கொண்டு எல்லா வரியையும் காலி செய்யும், ட்ராப் டேபிளையே எடுத்துவிடும். ட்ரன்கேட்டை ரோல்பேக் செய்ய (செய்ததைத் திரும்பப் பெற) முடியாது என்று பல பிடிஎஃப்களில் ஒரேயடியாகப் போட்டிருப்பார்கள். ஆரக்கிளிலும் மைஎஸ்க்யூஎல்லிலும் அது சரி, போஸ்ட்கிரெஸிலும் எஸ்க்யூஎல் சர்வரிலும் டிரான்சாக்ஷனுக்குள் (ஒன்றாகவே நிறைவேறும் அல்லது ஒன்றாகவே ரத்தாகும் வேலைத் தொகுப்பு) இருந்தால் முடியும். யூனியன் இரண்டு க்வெரியின் விடைகளைச் சேர்த்து இரட்டை வரிகளை நீக்கும், அதற்கு ஒரு செலவு உண்டு. யூனியன் ஆல் அப்படியே விட்டுவிடும். இரட்டை வராது என்று தெரிந்தால் ஆல் போடுங்கள்.

நார்மலைசேஷன் எவ்வளவு ஆழம் வேண்டும்?

ஒரே தகவலைப் பல இடத்தில் எழுதாமல் டேபிளைப் பிரிப்பதுதான் நார்மலைசேஷன், அதில் மூன்றாம் படியான மூன்றாம் நார்மல் ஃபார்ம் வரை போதும், பாய்ஸ்-காட் (அதைவிடக் கண்டிப்பான படி) பெயர் தெரிந்திருந்தால் கூடுதல் மகிழ்ச்சி. இலக்கணத்தைச் சொல்லாமல் கெடுதலைச் சொல்லுங்கள். ஊழியர் டேபிளிலேயே துறைப்பெயரையும் எழுதி வைத்தால், "விற்பனை" என்ற பெயர் மாறும்போது செல்வி, கண்ணன் இரண்டு வரியும் மாற வேண்டும், ஒன்று விட்டுப்போனால் டேட்டா தனக்குத்தானே முரண்படும். ஆளே இல்லாத கிடங்கை எழுத இடமே இருக்காது. இது போதும். வேண்டுமென்றே இதை மீறுவதும் உண்டா என்று கேட்டால், ஆம், படிப்பது மிக அதிகமாகவும் மாற்றுவது குறைவாகவும் உள்ள ரிப்போர்ட் டேபிள்களில் செய்வார்கள் என்று சொல்லலாம்.

இண்டெக்ஸ் என்றால் வேகம், சரிதானே?

பாதிதான் சரி. புத்தகத்தின் பின்னால் இருக்கும் சொல்லடைவு போல என்று எல்லோரும் சொல்வார்கள், நீங்களும் சொல்லலாம், தவறில்லை. ஆனால் அங்கே நிறுத்தாதீர்கள். பெரும்பாலும் அது பி-ட்ரீ, மதிப்புகள் வரிசையாக அடுக்கி இருக்கும், அதனால் சமம், இதற்கு மேல், இதற்குக் கீழ் என்ற தேடல்களுக்கும் வரிசைப்படுத்தவும் உதவும். ஒவ்வொரு இன்சர்ட், டெலீட்டிலும் இண்டெக்ஸையும் திருத்த வேண்டும் என்பது அதன் விலை.

அடுத்த கேள்வி நிச்சயம் "இண்டெக்ஸ் இருந்தும் க்வெரி மெதுவாக ஓடுகிறது, ஏன்?" என்பதுதான். நெடுவரிசையை ஒரு ஃபங்ஷனுக்குள் போட்டிருக்கலாம்: தேதியிலிருந்து ஆண்டைப் பிரித்து 2024க்குச் சமமா என்று கேட்டால் தேதி மேல் உள்ள சாதாரண இண்டெக்ஸில் நேராகத் தேட முடியாது, 2024 ஜனவரி 1 முதல் 2025 ஜனவரி 1க்கு முன் என்று எழுதினால் முடியும். லைக்கில் (எழுத்தின் ஒரு பகுதியை வைத்துத் தேடுவது) சதவீதக் குறி (எந்த எழுத்தும் இருக்கலாம் என்பது) முதலிலேயே வந்திருக்கலாம். துறை, சம்பளம் என்று இரண்டுக்கும் சேர்த்துப் போட்ட இண்டெக்ஸை வைத்துக்கொண்டு சம்பளத்தை மட்டும் தேடியிருக்கலாம். அல்லது டேபிளின் பெரும்பகுதி எப்படியும் வேண்டியிருக்கிறது, முழுதாகப் படிப்பதே மலிவு என்று ஆப்டிமைசர் முடிவு செய்திருக்கலாம். கடைசியாக, "ஊகிக்காமல் எக்ஸ்ப்ளெயின் போட்டுப் பார்ப்பேன்" என்று சொல்லுங்கள், க்வெரி எப்படி ஓடும் என்று காட்டும் கட்டளை அது, அதைப் படிக்கவும் கொஞ்சம் பழகிக்கொண்டு போங்கள், கேட்பார்கள்.

ஒரு உபரித் தகவல்: பிரைமரி கீக்கு (வரியைத் தனித்து அடையாளம் காட்டும் நெடுவரிசை) இண்டெக்ஸ் தானாக வரும், ஃபாரின் கீக்கு (இன்னொரு டேபிளின் வரியைச் சுட்டும் நெடுவரிசை) வரும் என்று நம்பாதீர்கள். மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபி போட்டுவிடும், போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள், எஸ்க்யூஎல் சர்வர் போடாது.

டிரான்சாக்ஷன் கேள்விக்கு ஆசிட்டின் (டிரான்சாக்ஷன் காக்க வேண்டிய நான்கு பண்புகள்) நான்கு எழுத்தையும் விரித்துச் சொன்னால் போதுமா?

பணப் பரிமாற்ற உதாரணத்தோடு அதைச் சொல்லாதவரே இல்லை, கேட்பவருக்கே அலுத்திருக்கும். அவர் அடுத்துக் கேட்பது "ஒரே நேரத்தில் இரண்டு பேர் வந்தால்?" என்பதுதான். கையிருப்பு 1 இருக்கிறது. இருவருமே 1 என்று படிக்கிறார்கள், இருவருமே நிரலில் ஒன்றைக் கழித்து 0 என்று எழுதுகிறார்கள், இருவருக்கும் பொருள் விற்றாகிவிட்டது. கமிட் (மாற்றத்தை உறுதி செய்வது) ஒழுங்காகப் போட்டும் இப்படி நடக்கும். படிப்பதையும் எழுதுவதையும் பிரிக்காமல், கையிருப்பு பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் ஒன்றைக் குறை என்று ஒரே அப்டேட்டாக எழுதி, எத்தனை வரி மாறியது என்று பார்ப்பது எளிய தீர்வு. பூஜ்யம் வரி மாறினால் சரக்கு இல்லை. செலக்ட் ஃபார் அப்டேட் என்று வரியைப் பூட்டி வைப்பது இன்னொரு வழி. ஐசொலேஷன் லெவல் (ஒரே நேரத்தில் ஓடும் டிரான்சாக்ஷன்களை எவ்வளவு பிரித்து வைப்பது என்ற மட்டம்) நான்கின் பெயரும், போஸ்ட்கிரெஸின் இயல்பு ரீட் கமிட்டெட், இன்னோடிபியின் இயல்பு ரிப்பீட்டபிள் ரீட் என்பதும் தெரிந்தால் இந்த மட்டத்துக்குத் தாராளம்.

ஸ்டோர்ட் ப்ரொசீஜர், ட்ரிகர், கர்சர் எல்லாம் கேட்பார்களா?

ஆரக்கிள், எஸ்க்யூஎல் சர்வர் வேலை என்றால் கட்டாயம். ஸ்டோர்ட் ப்ரொசீஜர் டேட்டாபேஸுக்குள்ளேயே சேமித்த நிரல், ட்ரிகர் டேட்டா மாறும்போது தானாக ஓடும் நிரல், கர்சர் விடையை வரி வரியாக எடுப்பது. பிஎல்/எஸ்க்யூஎல்லில் செலக்ட் இன்டூ (ஒரு வரி விடையை மாறியில் வைப்பது) எழுதினால் ஒரு வரியும் கிடைக்காவிட்டால் என்ன எக்ஸெப்ஷன் (பிழை), இரண்டு வரி கிடைத்தால் என்ன என்பது தெரிந்திருக்க வேண்டும்: முதலாவது நோ டேட்டா ஃபவுண்ட், இரண்டாவது டூ மெனி ரோஸ். வென் அதர்ஸ் தென் நல் என்று எழுதி எல்லாப் பிழையையும் விழுங்குவது பற்றிக் கருத்துக் கேட்டால், அது வேண்டாம் என்று தயங்காமல் சொல்லுங்கள். கர்சர் வைத்து வரி வரியாகச் சுற்றும் நிரலைக் காட்டி, ஒரே அப்டேட்டாக மாற்றச் சொல்வதும் உண்டு. நிரலிலிருந்து க்வெரியை ஸ்ட்ரிங்காக ஒட்டினால் என்ன ஆபத்து என்பதும் இங்கேதான் வரும், இன்ஜெக்ஷன் (வெளியாள் தன் எஸ்க்யூஎல்லை உள்ளே நுழைப்பது) என்று சொல்லி, பைண்ட் வேரியபிள் அல்லது பாராமீட்டர் (மதிப்பைத் தனியாக அனுப்புவது) வைத்து எழுதிக் காட்டுங்கள்.

க்வெரியை எழுதச் சொன்னதும் மூளை வெறுமையாகிவிடுகிறதே?

உடனே எழுத ஆரம்பிக்காதீர்கள், காரணம் பெரும்பாலும் அதுதான். விடை எப்படி இருக்க வேண்டும் என்று முதலில் இரண்டு வரி எழுதுங்கள், என்னென்ன நெடுவரிசை, ஒரு வரி என்பது எதைக் குறிக்கிறது, ஊழியரையா துறையையா. அது தெளிவானால் எந்த டேபிள், எந்த ஜாயின் என்பது அடுத்து வரும். ஃப்ரம்மிலிருந்து எழுதத் தொடங்குங்கள், செலக்டைக் கடைசியில் நிரப்புங்கள். யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள், தப்பான பக்கம் போனால் பல பேர் ஒரு சின்னக் குறிப்புக் கொடுத்துத் திருப்புவார்கள். மௌனமாக உட்கார்ந்தவருக்கு யார் உதவ முடியும்? எழுதி முடித்ததும் நீங்களாகவே ஒரு நல் வரியையும், இரட்டை வரியையும், ஒன்றுமே இல்லாத டேபிளையும் போட்டுப் பார்த்துக் காட்டுங்கள்.

தெரியாத கேள்வி வந்தால்?

தெரியாது என்று சொல்லிவிட்டு, தெரிந்த எல்லை வரை பேசுங்கள். "மெட்டீரியலைஸ்டு வியூ நான் பயன்படுத்தியதில்லை, சாதாரண வியூ என்பது சேமித்து வைத்த க்வெரி, பெயரைப் பார்த்தால் இது விடையையே சேமித்து வைக்கும் என்று நினைக்கிறேன், அப்படியானால் அதை எப்போது புதுப்பிப்பது என்ற கேள்வி வரும்" என்று சொன்னால் அது நல்ல பதில், போதாக்குறைக்குச் சரியான பதிலும்கூட. ஒன்றும் தெரியாமல் அடித்துவிடுவது அடுத்த கேள்வியிலேயே பிடிபடும்.

ரெஸ்யூமேயில் என்ன ப்ராஜெக்ட் போடுவது?

நீங்களே டிசைன் செய்த ஐந்தாறு டேபிள் போதும், நூலக நிர்வாகமாகவே இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் ஒவ்வொரு டேபிளும் ஏன் அப்படி இருக்கிறது என்று வாதாடத் தெரிய வேண்டும். ஒரே புத்தகத்துக்கு மூன்று பிரதி இருந்தால் எங்கே வைத்தீர்கள், திரும்பி வராத புத்தகத்தை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள், பணத்தை ஏன் டெசிமலில் வைக்காமல் ஃப்ளோட்டில் வைத்தீர்கள் என்று குடைவார்கள். கொஞ்சம் பெரிய டேட்டாவில் பழக சகிலா, நார்த்விண்ட், சினூக் போன்ற மாதிரி டேட்டாபேஸ்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. இண்டெக்ஸ் போடும் முன்னும் பின்னும் எக்ஸ்ப்ளெயின் என்ன சொன்னது என்று பார்க்க அவையும் சின்னவைதான், சில லட்சம் வரிகளை நீங்களே உருவாக்கிக்கொள்ளுங்கள்.

கடைசியில் "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்களே, என்ன கேட்பது?

டேபிளில் மாற்றம் வந்தால் அதை எப்படி லைவுக்குக் கொண்டுபோகிறீர்கள், புதிதாகச் சேர்பவர் எழுதும் க்வெரியை யார் ரிவ்யூ செய்வார், டெஸ்ட் செய்ய லைவ் டேட்டாவையே கொடுப்பீர்களா அல்லது தனி நகல் இருக்கிறதா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். லைவிலேயே நேராகத் திருத்துவோம் என்று சிரித்துக்கொண்டே சொன்னால், அங்கே சேர்ந்த முதல் நாளே டெலீட்டுக்கு முன் செலக்ட் போட்டுப் பார்க்கும் பழக்கத்தோடு உட்காருங்கள்.